நாட்களை எண்ண வேண்டியவர் யார்?



அசாம் மாநிலம் மோரிகான் பகுதியைச் சேர்ந்த மச்சல் லாலுங் 1951இல் கைதானார். அப்போது அவருக்கு வயது 23. ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்தார் என்பது குற்றச்சாட்டு. மனநிலை சரியில்லை என்று அவரைத் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அங்கிருந்த மருத்துவர்கள், ஆள் தேறிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் அவரை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கவில்லை. குவாஹாட்டி சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பும் வரவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, 2005 ஜூலையில், ஒரே ஒரு ரூபாய்க்குச் சொந்தப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு அவரை விட்டார்கள். அவருக்கு அப்போது 77 வயது. உச்ச நீதிமன்றம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் மாதம் 1000 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. 2007இல் அவர் காலமானார்.

54 ஆண்டுகள். இதில் தவறு செய்தவர் யார் என்று கோப்புகளைப் புரட்டினால் எளிதில் விடை கிடைக்காது. போலீஸ் கைது செய்தது. நீதிபதி உத்தரவு போட்டார். மருத்துவமனை சிகிச்சை கொடுத்து, குணமானதும் எழுதியும் கொடுத்தது. சிறை, தன்னிடம் வந்த ஆளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவரவர் வேலையை அவரவர் செய்திருக்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அந்த மனிதர் மாறிய இடத்தில்தான் அவர் தொலைந்து போனார். இவர் உள்ளே வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்பது எந்த அலுவலகத்துக்கும் வேலையாக இல்லை.

இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்தக் கேள்விதான். மனநோய் என்று சொல்லி ஒருவரை அவர் சம்மதமில்லாமல் மருத்துவமனையில் சேர்க்கும் அதிகாரத்தை ஜனநாயக நாடுகளும் வைத்திருக்கின்றன. குற்றம் செய்யாத ஒருவரைப் பூட்டி வைக்க அரசுக்குள்ள அதிகாரங்களில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை. அந்த அதிகாரம் ஒரே கையில் இருப்பதும் இல்லை. குடும்பம், காவல் நிலையம், ஆம்புலன்ஸ், மருத்துவர், நீதிபதி, மறுஆய்வு வாரியம், சமூக நலத்துறை என்று பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது அரசின் பொறுப்பு. உள்ளே அனுப்பும் வழியில் இந்த இணைப்பு ஓரளவு நடக்கிறது. வெளியே வரும் வழியில்தான் அறுந்து போகிறது.

கட்டாய அனுமதியே கூடாது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வீட்டுக்குள் இருக்கும் துயரத்தையும் பார்க்க வேண்டும். தீவிர மனச்சிதைவில் நோய் முதலில் எடுத்துக்கொள்வது, தனக்கு நோய் இருக்கிறது என்ற அறிவைத்தான். சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறாய் என்று தட்டைத் தள்ளிவிடும் மகனிடம், "வாப்பா, டாக்டர ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்" என்று கெஞ்சும் தாயை எண்ணிப் பார்க்கலாம். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய்ப் பாரு" என்று அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். தூக்கம் போய் வாரங்கள் ஆகின்றன, உடம்பு இளைக்கிறது, ஒருநாள் வீட்டைவிட்டே போய்விடுகிறான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநலக் கோளாறுகளில் சிகிச்சை எட்டாதவர்களின் பங்கு 70 முதல் 92 சதவீதம் வரை என்று கணக்கிட்டது. அந்தத் தாயிடம் போய் உரிமை பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. ஒருவரை வலிந்து காப்பாற்ற வேண்டிய வேளைகள் உண்டு. அந்த வலிமையை யார் கையில் கொடுப்பது, எத்தனை கண்கள் அதைக் கவனிப்பது, எந்த நாளில் அது முடிவது என்பவைதான் கேள்விகள்.

பழைய சட்டங்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. சென்னையில் வாலன்டைன் கொனோலி என்ற அறுவை மருத்துவர் 1794இல் புரசைவாக்கத்தில் தனியார் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். 1871இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இன்றைய மனநல மருத்துவ நிலையத்தின் தொடக்கம் அதுவே. 1858இன் சட்டங்களும் 1912ஆம் ஆண்டின் சட்டமும் மனநோயாளியை ஊருக்கு ஆபத்தானவராகவே பார்த்தன. போலீஸ் பிடித்து வர, மருத்துவர் சான்று தர, நீதிபதி ஆணை பிறப்பித்தால் உள்ளே. வெளியே வருவதற்கும் அதே அளவு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்துக்காக அலைய வெளியில் ஓர் ஆள் வேண்டும்.

காப்பகத்தில் இடமில்லாத ஊர்களில் சிறையே காப்பகமானது. மேற்கு வங்கச் சிறைகளில் எந்தக் குற்றமும் சாட்டப்படாத மனநோயாளிகள், குழந்தைகள் உள்பட, 'பாதுகாப்புக்காக' அடைக்கப்பட்டிருப்பதைப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே உச்ச நீதிமன்றத்தின் முன் கொண்டு போனார். குற்றம் செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம், அரசியலமைப்புக்கு எதிரானது என்று 1993 ஆகஸ்ட் 17 அன்று நீதிமன்றம் சொன்னது. சுதந்திரம் வந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு இதை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அதே 1993 ஏப்ரலில்தான் 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மனநோயாளிகளைத் தங்க வைக்கும் தனியார் மருத்துவமனைகள், இல்லங்கள் உரிமம் பெற வேண்டும், ஆய்வாளர்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இந்த விதிகள் உயிரோடு இருந்த ஒன்பதாவது ஆண்டில் ஏர்வாடி எரிந்தது.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். எல்லா மதத்தவரும் வருவார்கள். தர்காவில் தங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்து, எண்ணெய் பூசி, ஊருக்குப் போகலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருப்பார்கள். அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் இல்லங்கள் முளைத்தன. குடும்பத்தார் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள். சிலர் மாதாமாதம் வந்தார்கள், சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஓடிப்போகாமல் இருக்க ஆட்களைச் சங்கிலியால் பிணைத்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அப்படியோர் இல்லத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டு தளர்வாக இருந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பல உடல்கள் அடையாளம் தெரியாமல் கரிந்திருந்தன.

ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியின் அத்தகைய இல்லங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்து வரப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானே வழக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றாவது இருக்க வேண்டும், பதிவில்லாத இல்லங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இல்லத்தை நடத்தியவர்களுக்கு 2007இல் 7 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஏழே நாளில் இழுத்து மூட முடிந்த இல்லங்களை எட்டு ஆண்டுகளாக யாரும் போய்ப் பார்க்காதது ஏன் என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. அந்த இல்லங்கள் ஒளிந்து இயங்கவில்லை. ஊர் அறிய, பேருந்து நிலையத்தில் கேட்டால் வழி சொல்லும் அளவுக்கு வெளிப்படையாக நடந்தன. உரிமம் ஒரு துறையின் பொறுப்பு, சட்டம் ஒழுங்கு இன்னொரு துறையின் பொறுப்பு, நோயாளி குடும்பத்தின் பொறுப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மேசை ஒன்று மாவட்டத்தில் இல்லை.

அந்த மேசையை அமைக்கும் முயற்சிதான் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். காகிதத்தில் படிப்பதைவிட, வேலை நடக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

இரவு பதினொரு மணி. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவு. புறவழிச்சாலையில் சில நாட்களாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரை ஏட்டு ஒருவர் கூட்டி வந்திருக்கிறார். கையில் ஸ்டேஷன் மெமோ. வந்தவரின் தலைமுடி சடைபிடித்திருக்கிறது, காலில் ஆறாத புண், தோளில் ஒரு சாக்குப் பை. பையை யாராவது தொட்டால் கத்துகிறார். பணி மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி:

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்லீங்க சார். ரோட்டுல இருந்தாரு."

"பேரு, ஊரு ஏதாவது?"

"இந்தி மாதிரி என்னமோ பேசுறாரு சார். புரியல."

"அட்டெண்டர் இல்லாம எப்படி ஏட்டய்யா அட்மிஷன் போடுறது? நாளைக்கு எந்திரிச்சுப் போயிட்டா யாரு பதில் சொல்றது?"

இது ஒரு குறிப்பிட்ட மருத்துவமனையின் கதை அல்ல. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நன்கு பழகிப்போன உரையாடல். மருத்துவரையும் குறை சொல்ல முடியாது. வார்டில் செவிலியர் குறைவு, காவலுக்கு ஆளில்லை. ஏட்டுக்கும் விடிந்தால் வேறு பந்தோபஸ்து. ஆனால் இருவரின் ஒவ்வொரு தயக்கத்துக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது.

ஏட்டு செய்தது 100ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தின் கடமை. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். ஏன் எடுக்கிறோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து, அவர் குடும்பத்தைத் தேடும் பொறுப்பு நிலைய அதிகாரியுடையது. ஆக, மருத்துவமனை வாசலில் மெமோவைக் கொடுத்தவுடன் போலீசின் வேலை முடிவதில்லை.

மருத்துவரின் கேள்விக்கு 14ஆம் பிரிவில் விடை இருக்கிறது. சம்மதம் தரும் நிலையில் இல்லாதவருக்காகப் பேச ஒரு நியமனப் பிரதிநிதி வேண்டும். அவரே முன்கூட்டி எழுதிவைத்த ஆள் இருந்தால் அவர், இல்லையேல் உறவினர், இல்லையேல் பராமரிப்பவர், அவரும் இல்லையேல் மறுஆய்வு வாரியம் தகுதியானவர் என்று நியமிப்பவர். ஒருவருமே கிடைக்காவிட்டால் மாநில சமூக நலத்துறை இயக்குநர் அல்லது அவர் அனுப்பும் ஆள். வாரியம் நியமிக்கும்வரை இடைக்காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள் அந்த வேலையைப் பார்க்கலாம். "கூட யாரு வந்திருக்காங்க?" என்ற கேள்விக்குச் சட்டம் தந்திருக்கும் விடை, "அரசு வந்திருக்கிறது" என்பதே. அந்த இரவில் அந்த விடையைத் தொலைபேசியில் எடுத்துப் பேச ஓர் எண் அவசரப் பிரிவின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தே சட்டம் நடக்கிறது, அல்லது நிற்கிறது.

அனுமதி என்று வந்துவிட்டால், 89ஆம் பிரிவு. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலத் தொழில்முறையாளரோ தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். தனக்குத் தீங்கு செய்ய முயன்றது, பிறர் அஞ்சும்படி வன்முறையில் இறங்கியது, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் சிக்கியது ஆகியவற்றில் ஒன்றாவது அண்மையில் நடந்திருக்க வேண்டும். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளில், மற்றவர்களுக்கு 7 நாளில் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சம்மதம் தரும் திறன் திரும்பிவிட்டதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். 30 நாள் உச்ச வரம்பு. அதற்கு மேல் தேவைப்பட்டால் இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து எழுத வேண்டும், வாரியம் 21 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்போதும் 90 நாள், பிறகு 120, பிறகு 180 என்று தவணைதான். முடிவில்லாத அனுமதி கிடையாது. 95ஆம் பிரிவு சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. அந்தத் தடைக்குப் பின்னால் ஏர்வாடி இருக்கிறது. ஒருவரை உடல்ரீதியாகக் கட்டுப்படுத்த நேர்ந்தால் ஒவ்வொன்றையும் எழுதி வைத்து மாதந்தோறும் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

இத்தனை நாட்கணக்கும் யாராவது எண்ணினால்தான் பொருள்படும். எண்ணும் பொறுப்பு மனநல மறுஆய்வு வாரியத்துக்கு. பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவர், இவர்களோடு மனநோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிலிருந்து இருவர். இந்த இருவரைச் சேர்த்தது இச்சட்டத்தின் மிகத் துணிச்சலான செயல். முன்பு வார்டில் படுத்துக் கிடந்த ஒருவர், நீதிபதிக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து இன்னொருவரின் விடுதலையைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். 1912இல் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் பல மாநிலங்களில் வாரியங்கள் அமைவதற்கே ஆண்டுகள் பிடித்தன. வாரியமே இல்லாத மாவட்டத்தில் மருத்துவமனை யாருக்கு அறிக்கை அனுப்பும்? மருத்துவர்கள் காகித வேலை பெருகிவிட்டது என்று சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. எழுதி அனுப்பியதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தபின் எழுதுவது சுமைதான். படித்துவிட்டு மறுவாரம் வார்டுக்கு வந்து நோயாளியிடம் பேசும் வாரியம் இருந்தால் அதே காகிதம் மருத்துவருக்கும் காப்பாகும்.

வாரியம், நீதிபதி, பிரதிநிதி என்று இத்தனை பேர் எதற்கு, மருத்துவரிடமே விட்டுவிடலாமே என்ற எண்ணம் எழலாம். அரசும் மருத்துவமும் மட்டும் கைகோத்தால் என்னவாகும் என்பதற்குச் சோவியத் ஒன்றியம் சான்று. 1961இல் அங்கே வந்த ஓர் அறிவுறுத்தல், ஆபத்தானவர் என்று கருதப்படும் மனநோயாளியை நீதிமன்றமின்றி உடனே மருத்துவமனையில் சேர்க்க வழி செய்தது. சுகாதாரத் துறையும் காவல்துறையும் அங்கே மிக நன்றாக ஒருங்கிணைந்து வேலை செய்தன. 1970 மே மாதம் உயிரியலாளர் ஜோரெஸ் மெத்வதேவ் கலூகாவில் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். சோவியத் அரசு ஆதரித்த லைசென்கோவின் போலி அறிவியலை அம்பலப்படுத்தி எழுதியவர் அவர். சகாரவ் போன்ற அறிஞர்கள் குரல் கொடுத்ததால் 19 நாளில் வெளியே வந்தார். அரசை விமர்சித்த ஜெனரல் பியோத்தர் கிரிகரெங்கோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தார். சீர்திருத்தம் பேசுவதையே நோயின் அறிகுறியாக எழுதும் அளவுக்கு நோய்ப்பெயர் விரிந்திருந்தது. உலக மனநல மருத்துவர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நிலை வந்தபோது, 1983இல் சோவியத் சங்கம் தானே விலகிக்கொண்டது.

நம் சட்டத்தின் 3ஆம் பிரிவு இந்த அனுபவத்தை உள்வாங்கியிருக்கிறது. அரசியல், சமூக, பொருளாதார நிலையை வைத்தோ சமய, இனக் குழுவை வைத்தோ ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. ஊர் ஒப்புக்கொண்ட ஒழுக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் ஒத்துப்போகாதது நோயாகாது. முன்பு ஒருமுறை சிகிச்சை பெற்றிருந்தார் என்பதே இன்றைக்கும் நோயாளி என்பதற்குச் சான்றும் ஆகாது.

இந்தியாவில் இந்த ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கு ஒன்றில், வயது வந்த ஒரு பெண்ணைப் பெற்றோரின் சொல்லுக்காக ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வலுவில் தூக்கிப்போய்த் தனியார் மனநல நிலையத்தில் சேர்த்திருந்தார்கள். போலீசார் தடுக்கவில்லை. இது சட்டவிரோதம் என்று கண்ட நீதிமன்றம், உரியவர்கள் இழப்பீடு தர வேண்டும் என்றது. பெற்றோர் சொன்னார்கள் என்பதற்காகக் காவல்துறையும் ஆம்புலன்சும் மருத்துவமனையும் தங்கள் தங்கள் கேள்விகளைக் கேட்காமல் விட்டால், மூன்று பூட்டும் ஒரே சாவிக்குத் திறந்த மாதிரிதான். சாதி மீறிய காதல், சொத்துத் தகராறு, விவாகரத்து வழக்கு ஆகியவற்றின் நடுவே 'மனநிலை சரியில்லை' என்ற சொல் எத்தனை எளிதாக வீசப்படுகிறது என்பது குடும்ப நீதிமன்ற வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியும். பெண்களின் அனுமதியை 3 நாளில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியின் அருமை இங்கே விளங்கும்.

இத்தாலி இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் இயக்கத்தால் 1978 மே 13 அன்று 180ஆம் எண் சட்டம் வந்தது. பழைய பெரிய மனநல விடுதிகளை மூடும் வேலை தொடங்கியது. அங்கே கட்டாயச் சிகிச்சைக்கு இரண்டு மருத்துவர்கள் பரிந்துரைக்க, ஆணையில் கையொப்பமிடுபவர் ஊரின் மேயர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் தன் ஊர்க்காரர் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் தாளில் தன் பெயரை எழுதுகிறார். 48 மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தகவல், அடுத்த 48 மணி நேரத்தில் அவர் ஒப்புதல். ஆணை 7 நாளுக்கு மட்டும். நீட்டிக்க மறுபடி காரணம் காட்ட வேண்டும். அனுமதியும் ஊரின் பொது மருத்துவமனையில் உள்ள சிறு வார்டில். அங்கிருந்து வீட்டுக்கு வந்தால் அதே ஊரின் மனநல மையம் அவரைத் தொடர்ந்து பார்க்கிறது. அங்கும் பகுதிக்குப் பகுதி வேறுபாடு உண்டு, பணத் தட்டுப்பாடும் உண்டு. என்றாலும் சேர்க்கும் கையும் வெளியே வந்தபின் தாங்கும் கையும் ஒரே அமைப்புக்குள் இருப்பது கவனிக்கத்தக்கது.

இங்கே வெளியேறும் வழி எப்படி இருக்கிறது? தொண்டு நிறுவனங்கள் முன்னின்று நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 24 மாநிலங்களின் 43 அரசு மனநல மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்களில் 36.25 சதவீதம் பேர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பவர்கள். அவர்களில் பலர் நோயால் அங்கே இல்லை. கூட்டிப்போக ஆளில்லாததால் இருக்கிறார்கள். குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியில் தங்க வசதியில்லை என்ற காரணங்களுக்காக ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று 19ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. கூட்டிப்போக யாரும் வராவிட்டால் வெளியில் வசதி செய்து தருவது அரசின் வேலை என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

அது முடியாத காரியமல்ல என்று காட்டியது சென்னைதான். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கிய 'தி பான்யன்', பின்னாளில் நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழும் முறையைக் கொண்டுவந்தது. உதவிக்கு ஒருவர் உடனிருப்பார். காய்கறி வாங்குவது, சமைப்பது, பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவது எல்லாம் அவர்களே. இருபது ஆண்டுகள் வார்டில் இருந்தவருக்கு, இன்றைக்கு என்ன குழம்பு என்று தானே முடிவு செய்வது மருந்துக்கு நிகரான விஷயம். தமிழக அரசும் வீடற்ற மனநோயாளிகளுக்காகத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. ஏர்வாடியிலேயே, தர்காவின் தொழுகையைத் தடுக்காமல் அதன் பக்கத்திலேயே மருந்தும் கொடுக்கும் 'தவா-துவா' திட்டம் நடக்கிறது. நல்ல அதிகாரிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் சேர்ந்து உழைத்ததன் பயன்கள் இவை.

இவற்றுக்கு நடுவே 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் செய்தி வந்தது. உரிய உரிமமின்றி நடந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆசிரமத்தில் மனநோயாளிகள், ஆதரவற்றோர் என்று 140 பேருக்கு மேல் இருந்தார்கள். சிலரைக் காணவில்லை என்றும், துன்புறுத்தலும் பாலியல் வன்முறையும் நடந்தன என்றும் புகார்கள் எழுந்தன, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அது வெளிச்சத்துக்கு வந்த விதம்தான் முக்கியம். எந்த ஆய்வுக் குழுவும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு மனுவே கதவைத் திறந்தது. தேடி வர ஓர் ஆள் இருந்ததால் அந்த இடம் திறக்கப்பட்டது. ஏர்வாடிக்குப் பின் ஏறத்தாழ 22 ஆண்டுகள் கழித்தும், ஒரு மாவட்டத்தில் பூட்டிய கதவுக்குள் யார் யார் எத்தனை நாளாக இருக்கிறார்கள் என்பதற்கு ஒரே பதிவேடு இல்லை.

புதுச் சட்டம் எதுவும் இப்போது தேவையில்லை. தேவையானவை சிறியவை, அதனாலேயே தள்ளிப்போடப்படுபவை. ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் வாரியத்தின் எண்ணும் மாவட்ட சமூக நல அலுவலரின் எண்ணும் எழுதி ஒட்டப்பட வேண்டும். இரவிலும் அந்த எண்ணை யாராவது எடுக்க வேண்டும். காவலர் பயிற்சிப் பள்ளியில் 100ஆம் பிரிவுக்கு ஒரு முழு நாள் வேண்டும், அதில் பாதி நேரம் மனநல வார்டில் கழிய வேண்டும். வாரியத்தின் அமர்வுகள் நீதிமன்ற வளாகத்தில் நடப்பதை விட்டுவிட்டு வார்டுகளுக்கும் இல்லங்களுக்கும் நகர வேண்டும். உள்ளே இருப்பவரால் விண்ணப்பம் எழுத முடியாது, நேரில் வருபவரிடம் வாய் திறந்து சொல்ல முடியும். மெமோவோடு வந்த ஒவ்வொருவருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா, அந்தத் தேடல் எங்கே நிற்கிறது என்று மருத்துவமனை திருப்பிக் கேட்க வேண்டும். பிகார், ஒடிசா, வங்கம் என்று தொலைவிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே தேடிக்கொண்டிருக்கலாம். அவர்கள் மொழியில் பேச ஒருவரை வாரத்துக்கு ஒருநாள் வரவழைத்தால் பல பெயர்களும் ஊர்களும் கிடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 30 நாளைத் தாண்டியவர்கள், 180 நாளைத் தாண்டியவர்கள், குணமாகியும் போக இடமில்லாதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மாநில மனநல ஆணையம் மாவட்டவாரியாக மாதாமாதம் வெளியிட வேண்டும். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் எஸ்.பி.யும் மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் சமூக நல அலுவலரும் ஏற்கெனவே கூடும் ஆய்வுக் கூட்டங்கள் உண்டு. குடிநீர், சாலை, பட்டா என்று நீளும் அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலில் இந்தக் கணக்கும் ஏற வேண்டும். சென்ற மாதத்தைவிட எண் கூடியிருந்தால், ஏன் என்று ஆட்சியர் கேட்க வேண்டும்.